நைல் கப்பல் பயணம்: கரையில் இறங்கி யாரோடு சுற்றுவது?

"கப்பலோடு சேர்த்து சைட்சீயிங்கும் போட்டுவிடவா, இல்லை அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறீர்களா?" நைல் கப்பலுக்கு முன்பணம் கட்டிய கையோடு சென்னை ஏஜென்சிகளில் கேட்கும் கேள்வி இது. பணம் கட்டியவர்கள் அதை அப்படியே என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். அண்மையில் எழுதியது நங்கநல்லூரிலிருந்து ஒரு குடும்பம்: கணவன், மனைவி, எழுபதைத் தாண்டிய மாமனார், முழங்கால் வலியோடு மாமியார், ஆறாம் வகுப்புப் பையன். அரையாண்டு விடுமுறையில் பயணம். ஏஜென்சிக்காரர் கப்பலின் ஏற்பாடே பாதுகாப்பு என்கிறார். ஆபீஸ் நண்பர் தனி கைடு பிடித்தால் பாதிச் செலவு என்கிறார். மாமியாருக்கோ சாப்பாட்டுக் கவலை. நம் ஊர்க் குழுவோடு போனால் என்ன என்கிறார்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முழுப் பயணத்துக்கும் ஒரே ஏற்பாடு வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நைலைப் பொறுத்தவரை என் பதில் இதுதான்: நடுவில் வரும் ஊர்களைப் பெரும்பாலும் கப்பலோடு பாருங்கள், இரண்டு முனைகளிலும் இடத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

## முதலில், கப்பல் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும்?

எகிப்தில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஆற்று வழி 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். லக்சரில் ஏறினால் பெரும்பாலும் 4 இரவு, அஸ்வானில் ஏறினால் 3 இரவு. நடுவில் எஸ்னா லாக் (நீர்மட்டம் மாறும் இடத்தில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகு), எட்ஃபு, கோம் ஓம்போ. லக்சரிலும் அஸ்வானிலும் கப்பல் பொதுவாக ஒரு ராத்திரியாவது கரையில் கட்டிக் கிடக்கும். எட்ஃபுவிலும் கோம் ஓம்போவிலும் சில மணி நேரம்தான். ஆட்கள் ஏறியதும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். எஸ்னா லாக்கில் கப்பல்கள் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால் நேரம் தவற யாரும் விரும்புவதில்லை.

அந்த லாக்கில் காத்திருக்கும் நேரம் தனி வேடிக்கை. சின்னப் படகுகளில் வியாபாரிகள் கப்பலை ஒட்டி வந்து, மேல்தளத்தில் நிற்பவர்களைக் கூவி அழைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய மேசை விரிப்பையும் நீள அங்கியையும் குறி பார்த்து மேலே எறிவார்கள். பிடித்திருந்தால் பேரம் பேசி, பணத்தைப் பையில் போட்டுக் கீழே எறிய வேண்டும். இதைப் பார்க்க எந்தப் பேக்கேஜும் வேண்டாம்.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது?

முதல் விஷயம் கப்பலின் கடிகாரம். மேலே சொன்னதுதான்.

இரண்டாவது, உடன் வருபவர்களின் முழங்கால். நைல் பயணத்தில் நடை குறைவு என்று நினைக்காதீர்கள். லக்சரில் நான்கைந்து கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருப்பார்கள். உங்கள் கப்பல் ஆற்றுப் பக்கம் கடைசியில் நின்றால், மற்ற கப்பல்களின் வரவேற்பறைகள் வழியாகவே நடந்து, ஒவ்வொரு இணைப்பிலும் படி ஏறி இறங்கி, கடைசியில் கரையின் படிக்கட்டையும் ஏறினால்தான் பஸ்.

மூன்றாவது வெயில். டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும், விடியற்காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். நம் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் மே மாதத்தில் அங்கே 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால்தான் மே மாதக் கட்டணம் அவ்வளவு மலிவு. கத்திரியைப் பார்த்த நமக்கு இதெல்லாம் என்ன என்று தோன்றும். ஆனால் அது வறண்ட வெயில். வேர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடும், தலை சுற்றும்போதுதான் தண்ணீர் குடிக்காதது நினைவுக்கு வரும். வெயில் காலத்தில் நேரத்தை நம் கையில் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு மதிப்பு இரட்டிப்பு.

நான்காவது, மொத்தச் செலவு. பேக்கேஜ் விலையை மட்டும் பார்த்தால் போதாது. நுழைவுச் சீட்டு, அஸ்வானில் தீவில் இருக்கும் ஃபிலே கோயிலுக்குப் படகு, கைடுக்கும் டிரைவருக்கும் டிப்ஸ், கழிப்பறைக்குச் சில்லறை எல்லாம் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு எகிப்து பவுண்டு நம் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெரிய கோயில்கள் ஒவ்வொன்றுக்கும் சீட்டு சில நூறு பவுண்டு. அதுவும் அடிக்கடி ஏறுகிறது.

ஐந்தாவது, விளக்கம். பலர் இதைத்தான் முதலில் வைப்பார்கள். நான் கடைசியில் வைக்கிறேன், காரணம் பின்னால் வரும்.

## கப்பலின் ஏற்பாடு

காலை ஆறு மணிக்கு எட்ஃபு துறையில் நின்று பார்த்தால் இதன் மதிப்பு புரியும். ஏழெட்டுக் கப்பல்கள் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கும். கரையில் குதிரை வண்டிக்காரர்கள் கூட்டமாக நின்று கையைப் பிடித்து இழுப்பார்கள். "ஐம்பது" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது அது ஒரு ஆளுக்கு என்பார்கள், இல்லை போக மட்டும் என்பார்கள். கப்பலின் கைடு வந்தால் வண்டிக்கு எண் சொல்லி ஏற்றிவிடுவார். அதே வண்டி கோயில் வாசலில் காத்திருக்கும். குதிரைகள் மெலிந்து கிடப்பதைப் பார்த்துச் சங்கடப்படுபவர்கள் டுக்-டுக் கேளுங்கள். நம் ஆட்டோதான், பெரும்பாலான கைடுகள் மறுக்காமல் மாற்றிக் கொடுப்பார்கள்.

இதில் மிகப் பெரிய லாபம், தன் குழு திரும்பாமல் கப்பல் கிளம்பாது என்பது. உங்களோடு வருபவர் உரிமம் பெற்ற கைடு, சீட்டு அவர் கையில், வரிசையில் நிற்கும் வேலை உங்களுக்கு இல்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். இது சின்ன விஷயமல்ல. சாப்பாட்டுக்குச் சேர்த்துத்தான் கப்பலுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், வெளியே சாப்பிட்டால் இரண்டு முறை கட்டிய கணக்கு.

மறைந்திருக்கும் செலவு பணத்தைவிட நேரத்தில்தான். பழைய அரசர்களின் கல்லறைகள் இருக்கும் லக்சரின் மேற்குக் கரைச் சுற்றில் அலபாஸ்டர் கல் பட்டறை என்று ஒரு நிறுத்தம் வரும், அஸ்வானில் வாசனைத் தைலக் கடை, இன்னொரு நாள் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் கடை. "வெறும் செய்முறை விளக்கம்தான்" என்று அழைத்துப்போவார்கள், செம்பருத்தி டீ கொடுப்பார்கள், முக்கால் மணி நேரம் போய்விடும். அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்றால் கல்லறைகளிலிருந்து. வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் நல்ல நேரமும் அதுதான்.

இன்னொன்று, சைட்சீயிங் சேர்த்து விலை பேசிய கப்பல்களில் ஒரு சுற்றை வேண்டாம் என்றால் பணம் பெரும்பாலும் திரும்பாது. அங்கே போய் மனம் மாறினால் நஷ்டம் உங்களுக்கு. முடிவைச் சென்னையிலேயே எடுக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

## சென்னையிலிருந்தே குழுவோடு

தமிழ் பேசும் டூர் மேனேஜர், பஸ்ஸில் முறுக்கு, யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் உடனே ஓட ஒரு ஆள். முதல் முறை வெளிநாடு போகும் பெரியவர்களுக்கு இந்த நிம்மதியை எந்தத் தனி கைடும் தர முடியாது. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். கோயில்களில் விளக்கப்போவது டூர் மேனேஜர் அல்ல. எகிப்தில் உரிமம் பெற்ற உள்ளூர் கைடுதான் அதைச் செய்ய முடியும், அவர் ஆங்கிலத்தில் சொல்வார். டூர் மேனேஜர் சுருக்கித் தமிழில் சொல்வது அவரவர் திறமை. இரண்டாவது, "ஆப்ஷனல்" என்ற பட்டியல். தெரிந்த குடும்பம் ஒன்று முழுப் பணமும் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக ஏறியது. அஸ்வானில் பஸ்ஸுக்குள்ளேயே தெற்கு எகிப்தின் நூபிய மக்களின் கிராமம், அபு சிம்பெல் கோயில், லக்சரில் பலூன் சவாரி எல்லாவற்றுக்கும் தலைக்கு இத்தனை டாலர் என்று வசூல் நடந்தது. முப்பது பேர் கை தூக்கும்போது நீங்கள் மட்டும் அறையில் இருக்கிறேன் என்று சொல்வது எளிதல்ல. அந்தப் பட்டியலை விலையோடு முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கும்போது டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும் அந்தத் தொகை சில மாதம் உங்கள் கையில் இருக்காது.

## தனி கைடும் காரும்

லக்சர் மேற்குக் கரைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அரசர்களின் பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டு வாங்கினால் மூன்று கல்லறைகளுக்குள் போகலாம். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஐந்தாம்-ஆறாம் ராம்செஸ் கல்லறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு. கல்லறைக்குள் கைடுகள் நின்று விளக்க அனுமதி இல்லை. வெளியே நிழலில் நிறுத்திப் படம் காட்டிச் சொல்லிவிட்டு உங்களை மட்டும் உள்ளே அனுப்புவார்கள். விளக்கத்தைக் கடைசியில் வைத்தது இதனால்தான். இங்கே கைடின் உண்மையான வேலை உங்களுக்கு எந்த மூன்று என்று சொல்வது. பெரிய குழுவில் ஒரு மணி நேரம் கொடுத்து அனுப்புவார்கள், எல்லோரும் பக்கத்தில் இருக்கும் அதே மூன்றில் போய் நெருக்குவார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான்காம் ராம்செஸின் கல்லறை. வாசலுக்குப் பக்கம், அகலமான பாதை, மெல்லிய சரிவு, இரண்டு சுவரும் எழுத்து. மூன்றாம் துட்மோஸின் கல்லறைக்குப் பாறை இடுக்கில் இரும்புப் படி ஏறி, பிறகு செங்குத்தாக இறங்க வேண்டும். பையன் குதித்துக்கொண்டு போவான், பாட்டி போகக் கூடாது. தனிச் சீட்டு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஐந்தாம்-ஆறாம் ராம்செஸ் வாங்குங்கள். 1922-ல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமுன் கல்லறையில் மம்மி இருக்கிறது, தங்கமெல்லாம் கெய்ரோவை ஒட்டிய கீசாவில். அறையும் சின்னது. பெயருக்காகப் போய் "இவ்வளவுதானா?" என்று திரும்புபவர்கள் அதிகம். ஆறாம் ராம்செஸ் கல்லறையின் கூரையில் வான தேவதை நூட் நீண்டு கிடப்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

தனி காரில் போனால் பள்ளத்தாக்கு திறக்கும் காலை ஆறு மணிக்கே நிற்கலாம். ஹாட்செப்சுட் கோயிலை வெயிலுக்கு முன் முடிக்கலாம். அலபாஸ்டர் கடையில் மிச்சமான நேரத்தில் மெதினெத் ஹாபு போகலாம். மூன்றாம் ராம்செஸின் கோயில், வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கும் தூண்கள், பேக்கேஜ்களில் அநேகமாக இருக்காது.

கேள்வி கேட்கும் சுதந்திரமும் இருக்கிறது. செங்கடல் கரையில் பெரெனிகே, குசெய்ர் அல் காதிம் என்ற பழைய துறைமுகங்களில் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அங்கே இறங்கிய நம் மிளகு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, லக்சருக்கு வடக்கே கோப்டோஸில் படகேறி இதே நைல் வழியாக அலெக்சாந்திரியா போனது. அதற்கும் வெகு முன்பே இரண்டாம் ராம்செஸின் மம்மிக்கு மூக்கில் மிளகு வைத்திருக்கிறார்கள். தனி கைடிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அரை மணி நேரம் ஓடும். குழுவில் எடுத்தால் பின்னால் நிற்பவர் செருமுவார்.

செலவுக் கணக்கு: கைடுக்கும் காருக்கும் நாள் கூலி, ஆள் கணக்கு கிடையாது. ஐந்து பேர் பகிர்ந்தால் கப்பலின் சைட்சீயிங் கட்டணத்தைவிடக் குறைவாகவே வரும். இரண்டு பேர் என்றால் கூடும். நுழைவுச் சீட்டு உங்கள் பொறுப்பு. பெரிய இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். எனவே கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள், வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். மாணவர் அடையாள அட்டைக்குப் பாதி விலை. பேக்கேஜில் இந்தச் சலுகை யார் பைக்குப் போகிறது என்று தெரியாது.

பதிவு செய்யும்போது கைடா, டிரைவரா என்று தெளிவாகக் கேளுங்கள். நன்றாக ஆங்கிலம் பேசும் டிரைவரைக் கைடு என்று விற்பார்கள். உரிமம் இல்லாதவர் கோயிலுக்குள் வந்து விளக்க முடியாது, வாசலோடு நின்றுவிடுவார். "கடை நிறுத்தம் வேண்டாம்" என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

## யாரும் வேண்டாம், நாமே

கோம் ஓம்போவுக்கு இதுவே போதும். கோயில் துறையை ஒட்டியே நிற்கிறது, நடந்தால் சில நிமிடம். முதலைத் தலையுள்ள சோபெக்குக்கு ஒரு பாதி, பருந்துத் தலையுள்ள ஹோரஸுக்கு மறு பாதி. பக்கத்து அருங்காட்சியகத்தில் முதலை மம்மிகள். கப்பல்கள் பெரும்பாலும் சாயங்காலம் வருவதால் விளக்கொளியில் பார்க்கலாம்.

லக்சர் கோயிலும் அப்படித்தான். ஊருக்கு நடுவில், இரவிலும் திறந்திருக்கும். ஆனால் சில கப்பல்கள் ஊருக்குத் தெற்கே பாலத்துப் பக்கம் கட்டுகின்றன. உங்களுடையது எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அஸ்வானில் நூபிய அருங்காட்சியகம், சந்தை, எலிஃபன்டைன் தீவுக்குப் படகு எதற்கும் துணை வேண்டாம். வெளியே பசித்தால் கொஷாரி கேளுங்கள்: சோறு, பருப்பு, மக்ரோனி, மேலே பொரித்த வெங்காயம். சுத்த சைவம், வயிறு நிறையும்.

இதன் விலை பேரம். டாக்சி, படகு, குதிரை வண்டி எதற்கும் எழுதிய கட்டணம் கிடையாது. பேரத்தை ரசிப்பவர்களுக்குப் பொழுதுபோக்கு, மற்றவர்களுக்குத் தலைவலி.

## ஊருக்கு ஊர், என் தேர்வு

| இடம் | கப்பல் நிற்பது | என் தேர்வு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| கார்னாக் (லக்சரின் பெரிய கோயில்) | இரவு முழுதும் | கப்பலோடு | 134 தூண் மண்டபம். விளக்கம் உதவும் |
| லக்சர் கோயில் | இரவு முழுதும் | நாமே, இரவில் | கப்பல் நிற்கும் இடம் |
| லக்சர் மேற்குக் கரை | இரவு முழுதும் | தனி கைடு, கார் | அதிகாலையில் கிளம்புவது |
| எட்ஃபு | சில மணி நேரம் | கப்பலோடு | குதிரை வண்டிப் பேரம் |
| கோம் ஓம்போ | சில மணி நேரம் | நாமே, அல்லது கப்பலோடு | திரும்பும் நேரம் |
| ஃபிலே | இரவு முழுதும் | கப்பலோடு | படகுக் கட்டணம் சேர்ந்ததா? |
| அபு சிம்பெல் | பயணத் திசையைப் பொறுத்தது | கீழே படியுங்கள் | 280 கி.மீ. தூரம் |

எட்ஃபுவைப் பற்றி ஒரு வார்த்தை. கோபுரம் போன்ற முகப்பு, திறந்த பிராகாரம், தூண் மண்டபம், இருட்டிக்கொண்டே போய்க் கடைசியில் கருவறை. மயிலாப்பூர் கோயிலுக்குள் நடந்து பழகியவர்களுக்குக் கால் தானாக வழி கண்டுபிடிக்கும். அங்கே கப்பலோடு போகச் சொல்வது விளக்கத்துக்காக அல்ல, வண்டிக்காகவும் நேரத்துக்காகவும்தான். ஒருவேளை தனியாகப் போய், லக்சரிலிருந்து வந்த கப்பலைத் தவறவிட்டால் பதற வேண்டாம். கோம் ஓம்போ சாலை வழியில் 60 கிலோமீட்டர் சொச்சம். டாக்சி பிடித்தால் கப்பலுக்கு முன்னால் போய் நிற்கலாம்.

## அபு சிம்பெல்: திசை பார்த்துத் தீர்மானியுங்கள்

அஸ்வானிலிருந்து போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அவ்வளவே. அதிகாலை நான்கு மணி வாக்கில் கிளம்பி, கப்பலில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியோடு பாலைவனத்தில் விடிவதைப் பார்த்துப் போக வேண்டும். அஸ்வான் அணையின் நீரில் மூழ்காமல் இருக்க 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து மேட்டில் திரும்ப அடுக்கிய கோயில். முடிந்தால் தவறவிடாதீர்கள்.

அஸ்வானில் ஏறும் மூன்று இரவுப் பயணத்தில், அபு சிம்பெல் போய் வந்த அன்றே மதியத்துக்கு மேல் கப்பல் கிளம்பிவிடும். வழியில் டயர் வெடித்தால் தனி கார்காரருக்கு உங்கள் கப்பலைப் பற்றிக் கவலை இல்லை. அப்போது கப்பலின் ஏற்பாடு மட்டுமே. லக்சரில் ஏறினால் அஸ்வான் கடைசி ஊர். கப்பலைக் காலி செய்த பிறகு போகலாம், தனி காரில் தாராளமாக, திரும்பும் வழியில் நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டு. பெரியவர்களோடு போகிறவர்கள் இன்னும் அறை போடவில்லை என்றால் லக்சரில் ஏறும் நான்கு இரவைத் தேர்ந்தெடுக்க இதுவே போதுமான காரணம். ஆறேழு மணி நேரம் காரில் உட்கார முடியாதவர்கள் அஸ்வானிலேயே தங்கி ஃபிலே பார்க்கட்டும். குடும்பம் அன்று இரண்டாகப் பிரிவதில் தப்பில்லை.

பலூனுக்கு எந்த ஏற்பாட்டில் போனாலும் பயணக் காப்பீட்டில் அது அடங்குமா என்று படித்துப் பாருங்கள். 2013 பிப்ரவரியில் லக்சரில் நடந்த பலூன் விபத்தில் 19 பேர் இறந்தார்கள். காற்று அதிகமிருந்தால் பறக்க விட மாட்டார்கள், அப்போது பணம் திரும்புமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

## ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டிய வாட்ஸ்ஆப்

சைட்சீயிங் இல்லாமல் கப்பல் மட்டும் என்ன விலை? ஒரு நாள் சுற்றை மட்டும் கழித்தால் எவ்வளவு குறையும்? நுழைவுச் சீட்டு, ஃபிலே படகு, எட்ஃபு வண்டி மூன்றும் சேர்ந்ததா? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? கடை நிறுத்தம் எத்தனை? கப்பல் ஊழியர் டிப்ஸ் ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு, அது எப்போது வசூலிக்கப்படும்?

முதல் இரண்டுக்கு "அப்படிப் பிரிக்க முடியாது சார்" என்று பதில் வந்தால், மேற்குக் கரைக்குத் தனி கைடு வைப்பது இரட்டைச் செலவு. அப்போதும் ஐந்து பேர் குடும்பத்துக்கு நான் வைக்கத்தான் சொல்வேன்; இரண்டு பேர் என்றால் கப்பலோடு போய்விட்டு, கைடிடம் முந்தின நாளே பேசி நான்காம் ராம்செஸுக்கு மட்டும் வழி கேட்டு வைத்துக்கொள்ளலாம். பதில்களை எழுத்தில் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.